கட்டணமும் கடமையும் — கோல்ப் மைதானங்களின் சேவை பற்றிய ஒரு கண்டனம்

கோல்ப் மைதானமொன்றிலே வாடிக்கையாளர் முறையாக நடத்தப்படவில்லை என்ற முறைப்பாட்டைக் கேட்போருட் பெரும்பாலோர் அதனைப் பொருட்படுத்துவதில்லை. வசதி படைத்தோரின் பொழுதுபோக்கில் நேர்ந்த சிறு மனக்குறை என்று கூறி அப்பாற் செல்வர். மைதானங்களை நடத்துவோரும் இதனையே விரும்புவர். அவர்களைக் கேட்டால், கருமபீடத்தில் இருந்த ஊழியர் சற்றுக் கடுமையாகப் பேசிவிட்டார், அவருக்கு அறிவுரை வழங்கப்படும் என்பதே விடையாகக் கிடைக்கும். புறந்தள்ளுவோரும் சமாதானம் கூறுவோரும் ஒரே தவற்றினைச் செய்கின்றனர். இரு சாராரும் இதனை நயத்தக்க நாகரிகம் பற்றிய பிரச்சினையாகவே காண்கின்றனர். உண்மையில் இது உரிமை பற்றிய பிரச்சினையாகும்.

கோல்ப் மைதானங்களிற் காணப்படும் அவமதிப்பு ஊழியரின் நாவிலே தோன்றுவதன்று. அது அம்மைதானங்களின் அமைப்பிலே வேரூன்றியுள்ளது. இன்று பெரும்பாலான மைதானங்கள் பொதுமக்களிடம் கட்டணம் பெற்றே வாழ்கின்றன. ஐக்கிய அமெரிக்காவில் உள்ள மைதானங்களுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு, கட்டணம் செலுத்தும் எவரும் விளையாடக் கூடியவை. எனினும் அவற்றின் பழக்கவழக்கங்களோ வெளியாரை வாயிலிலேயே நிறுத்தி வைத்த பழைய கழகங்களிடமிருந்து இரவல் பெற்றவை. பணம் வாங்கும்போது கடையாகவும், பொருளை வழங்க வேண்டியபோது கழகமாகவும் அவை நடந்துகொள்கின்றன. கடைக்காரனுக்குரிய கடமை அவற்றிடம் இல்லை. கழகத்துக்குரிய செருக்கு மாத்திரம் எஞ்சியுள்ளது. இவ்விரட்டை வேடமே கண்டிக்கப்பட வேண்டியது.

இச்செருக்கு விளையாட்டோடு உடன்பிறந்தது எனச் சிலர் வாதிடுவர். வரலாறு இதற்கு இடந்தரவில்லை. கோல்ப் விளையாட்டின் தாயகமாகப் போற்றப்படும் ஸ்கொத்லாந்தின் சென் அன்ட்றூஸ் நகரிலே, கடலோரத்து மணற்புற்றரை நகர மக்களின் பொது நிலமாகவே இருந்து வந்துள்ளது. அங்கே பிரபுக்களும் நிலவுடைமையாளரும் கூடி ஒரு சங்கத்தை அமைத்தது 1754 ஆம் ஆண்டிலேயே. அதற்கு முன்னரே பந்து உருண்டுகொண்டிருந்தது. இன்றும் அப்பழைய மைதானம் அக்கழகத்தின் உடைமையன்று. 1974 இல் பிரித்தானியப் பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தின்கீழ் அமைந்த நம்பிக்கைப் பொறுப்பு நிறுவனமொன்று அதனை நிருவகிக்கின்றது. விளையாடும் நேரங்களிற் கணிசமான பகுதி திருவுளச் சீட்டு மூலம் பகிரப்படுகின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் வழக்கமாக ஆட்டம் நிறுத்தப்பட்டு, ஊரவர் உலாவும் வெளியாக அது மாறிவிடுகின்றது. பொது நிலத்திலே பிறந்த விளையாட்டுக்கு மதிலும் வாயிற்காவலும் பின்னர் வந்து சேர்ந்தவையே.

அம்மதிலைக் கடல் கடந்து கொண்டுசென்றது பேரரசு. பிரித்தானியத் தீவுகளுக்கு வெளியே மிகப் பழையதான கல்கத்தாக் கழகம் 1829 இல் தோன்றியது. இலங்கையில் 1879 இலே கொழும்புக் கழகம் உருவாயிற்று. காலிமுகத் திடலில் ஆடத் தொடங்கிய வணிகரும் அதிகாரிகளும் பின்னர் பொரளைப் பக்கத்தில் தமக்கென ஒரு மைதானத்தை அமைத்துக்கொண்டனர். களனிப் பள்ளத்தாக்குப் புகையிரதப் பாதை அம்மைதானத்தை ஊடறுத்துச் செல்கின்றது. வண்டி வரும்போது ஆட்டம் நிற்க வேண்டும். தொழிலுக்குச் செல்லும் மக்களை ஏற்றிய புகையிரதத்துக்கு மாத்திரமே அங்கு தடையற்ற வழி உண்டு என ஒருவர் கூறின் அது முற்றும் நகைச்சுவையன்று. மலையகத்திலே நுவரெலியா மைதானம் தோட்டத்துரைமாரின் ஓய்வுக்கெனத் தோன்றியது. உலகெங்கும் இத்தகைய மைதானங்களில் அவ்வூர் மக்களுக்கு ஒதுக்கப்பட்ட இடம் ஒன்றே: ஆடுவோரின் தடிப்பையைச் சுமப்பது. கெடி எனப்பட்ட அச்சுமையாளர் ஒவ்வொரு குழியின் இயல்பையும் துரைமாரைவிட நன்கறிந்திருந்தனர். ஆயினும் பந்தை அடிக்கும் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை.

அவ்வுரிமையைக் கெடி ஒருவர் எடுத்துக்கொண்டபோது நேர்ந்ததைத் தென்னாபிரிக்கா காட்டிற்று. டர்பன் நகரிலே இந்திய வம்சாவளியிற் பிறந்த பப்வா சீவ்கோலும் கெடியாக வளர்ந்தவர். எவரிடமும் பயிலாது, இடக்கையை வலக்கைக்குக் கீழே வைத்துத் தடியைப் பிடிக்கும் தலைகீழான முறையைத் தாமே கைக்கொண்டவர். 1959 இலும் 1960 இலும் ஒல்லாந்து நாட்டின் பகிரங்கப் போட்டியை வென்றவர். 1963 இல் டர்பன் நகரக் கழக மைதானத்திலே நேட்டால் பகிரங்கப் போட்டியையும் அவர் வென்றார். வெற்றிக் கிண்ணம் அவருக்கு மழையிலே, கழக மண்டபத்தின் வெளியே வழங்கப்பட்டது. நிறவொதுக்கற் சட்டத்தின்படி அவர் உள்ளே கால் வைக்க முடியாது. அவரிடம் தோற்ற வெள்ளையர் மண்டபத்தினுள்ளே நின்றனர். 1965 இலே அதே போட்டியில் கரி பிளேயரை அவர் வென்றதன் பின்னர், வெள்ளையரின் போட்டிகளில் ஆடும் வாய்ப்பே அவருக்கு மறுக்கப்பட்டது. உலகப் புகழ் பெற்ற வீரரை மழையில் நிறுத்தி வைத்த அக்கழகத்தின் பரிசாரகர்கள் பண்புக் குறைவானவர்கள் என்று எவரும் கூறார். அவர்கள் இட்ட பணியைச் செய்தனர். இட்ட கையே விசாரிக்கப்பட வேண்டியது.

கழகம் என்ற சொல் எத்துணை வசதியான முகமூடி என்பதை ஐக்கிய அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்துக் கிறீன்ஸ்பரோ நகரம் மேலும் தெளிவாக்கிற்று. கில்லெஸ்பி பார்க் என்ற அந்நகரத்து மைதானம் பொதுப் பணத்தில் அமைக்கப்பட்டது. கறுப்பினத்தவர் அங்கே ஆடும் உரிமையைக் கேட்டபோது, நகர சபை அதனை ஒரு டொலர் பெயரளவுக் குத்தகைக்குக் கழகமொன்றிடம் ஒப்படைத்தது. இனி அது தனியார் கழகம், அங்கத்தவருக்கே இடம் என்று சொல்லப்பட்டது. வெள்ளையராயின் அங்கத்தவரல்லாதவரும் கட்டணத்தைச் செலுத்தி ஆடலாம் என்பதே நடைமுறை. 1955 டிசெம்பர் 7 ஆம் திகதி, பல் வைத்தியரான ஜோர்ஜ் சிம்கின்சும் வேறு ஐந்து கறுப்பின ஆடவரும் அங்கே சென்றனர். கருமபீடத்தில் இருந்தவர் அவர்களின் பணத்தைப் பெற மறுத்தார். அவர்கள் ஆளுக்கு 75 சதத்தைக் கருமபீடத்தின்மேல் வைத்துவிட்டு மைதானத்தில் இறங்கி ஆடத் தொடங்கினர். அத்துமீறிப் பிரவேசித்த குற்றத்துக்காகக் கைது செய்யப்பட்டனர். சிறைத் தண்டனையும் விதிக்கப்பட்டது.

பின்னர் நடந்தவை அதனினும் கொடியவை. குத்தகை என்பது வெறும் மறைப்பு என்று கண்ட சமஷ்டி நீதிமன்றம் 1957 இலே பாகுபாட்டை நிறுத்துமாறு கட்டளையிட்டது. அக்கட்டளை நடைமுறைக்கு வருமுன் மைதானத்தின் கழக மண்டபம் தீக்கிரையாயிற்று. நகர சபை மைதானத்தை மூடிவிட்டது. அறுவருக்கு எதிரான தண்டனையை ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் 1960 இல் ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையால் நிலைநிறுத்தியது. மாநில ஆளுநர் தண்டனையைக் குறைத்தமையாலேயே அவர்கள் சிறையினின்றும் தப்பினர். மைதானம் மீண்டும் திறக்கப்பட்டது 1962 இலேதான். எல்லோருக்கும் சேவை செய்வதைவிட எவருக்கும் சேவை செய்யாதிருப்பதே மேல் என ஒரு நகர சபை ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் இருந்தது. ஆயினும் கருமபீடத்தின்மேல் வைக்கப்பட்ட அந்த 75 சதம் எழுப்பிய வினா மறையவில்லை: விலை கூறி ஒரு பொருளை விற்பவன், அவ்விலையைக் கொணர்ந்தவனுக்கு அதனை மறுக்கலாமா? விற்ற பின்னர் அதனை அரைகுறையாக வழங்கலாமா?

இன்றைய கோல்ப் மைதானங்கள் முதலாவது வினாவுக்குச் சட்டத்துக்கு அஞ்சியேனும் விடை கூறிவிட்டன. இரண்டாவது வினாவுக்கே அவை விடை கூறாதிருக்கின்றன. அவை விற்கும் பொருள் யாது என்பதை முதலில் வரையறுத்தல் வேண்டும். வாடிக்கையாளர் வாங்குவது புல்லையன்று, ஒரு நேரத்தை. குறிப்பிட்ட மணிக்குத் தொடங்கி, பதினெட்டுக் குழிகளையும் ஏறத்தாழ நான்கு மணித்தியாலத்தில் ஆடி முடிக்கும் வாய்ப்பையே அவர் விலை கொடுத்துப் பெறுகின்றார். அந்நேரத்தை விற்பவரே அதனைக் கெடுக்கின்றார் என்பதை எளிய கணக்கொன்று காட்டும்.

நால்வர் கொண்ட குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்படுகின்றன. எட்டு மணித்தியாலத்தில் 12 நிமிட இடைவெளி விட்டால் 40 குழுக்களும், 10 நிமிட இடைவெளி விட்டால் 48 குழுக்களும், 8 நிமிட இடைவெளி விட்டால் 60 குழுக்களும் புறப்படலாம். பத்தை எட்டாகக் குறைத்தால் மேலும் 48 பேரின் கட்டணம் கருமபீடத்தில் விழும். ஆனால் மைதானத்தின் இயல்பு பேராசைக்கு இணங்குவதன்று. நீண்ட குழிகளில் முன்னே சென்ற குழு சற்று அகன்றதும் பின்வருவோர் அடிக்கலாம். ஒரே அடியிற் புற்றரையை எட்டக்கூடிய குறுங்குழிகளிலோ, முன்னே நிற்கும் நால்வரும் ஆடி முடித்து அகலும்வரை பின்வருவோர் காத்தே நிற்க வேண்டும். அத்தகைய குழியொன்றைக் கடக்க ஒரு குழுவுக்கு 10 நிமிடம் செல்லும் எனக் கொள்க. குழுக்கள் 8 நிமிடத்துக்கு ஒன்றாக வந்து சேரின், ஒவ்வொரு குழுவும் தனக்கு முந்தியதைவிட 2 நிமிடம் கூடுதலாகக் காத்திருக்கும். பத்தாவது குழு 18 நிமிடமும் இருபதாவது குழு 38 நிமிடமும் அங்கே நிற்கும். அக்குழுவினர் சிறந்த ஆட்டக்காரராயிருப்பினும், புதிதாய்ப் பயில்பவராயிருப்பினும் இக்கணக்கு மாறாது. தாமதம் காலையிலேயே அட்டவணையில் எழுதப்பட்டுவிட்டது.

ஆயினும் தாமதத்துக்காக ஏசப்படுபவர் யார்? அட்டவணையைத் தயாரித்தவர் அல்லர். கண்காணிப்பாளர் ஒருவர் சிறு வண்டியில் ஏறி மைதானத்தைச் சுற்றி வந்து, விரைந்து ஆடுங்கள் என்று ஆடுவோரையே கடிந்துகொள்வார். எல்லோரும் தாமதமாகவே நகரும்போது அவர் எவரைக் கடிவது என்பதைத் தீர்மானிக்க வேண்டும். இவ்விடத்திலேயே பழைய கழகத்தின் கண் விழித்துக்கொள்கின்றது. அக்கண்ணுக்கு இங்கு உரியவராகத் தோன்றாதவர் எவரோ அவரே தாமதத்துக்குக் காரணமானவராகவும் தோன்றுவார்.

2018 ஏப்பிரல் 21 ஆம் திகதி பென்சில்வேனியா மாநிலத்தின் யோர்க் மாவட்டத்திலே நடந்தது இதற்குச் சான்று. கிராண்ட்வியூ மைதானத்தில் ஐந்து கறுப்பினப் பெண்கள் ஆடிக்கொண்டிருந்தனர். அவர்கள் அங்கே பணம் செலுத்தி அங்கத்துவம் பெற்றவர்கள். உறைபனி காரணமாக அன்றைய ஆட்டமே பிந்தித் தொடங்கியது. இரண்டாவது குழியை அடைந்தபோதே, வேகம் போதாது என்று நிருவாகத் தரப்பினர் குறைகூறினர். பணத்தைத் திருப்பித் தருவதாகவும் கூறினர். ஒன்பது குழிகள் முடிந்ததும் மனமுடைந்து மூவர் வெளியேறினர். எஞ்சிய இருவரையும் அகற்றும்பொருட்டுப் பொலிசார் அழைக்கப்பட்டனர். அவர்கள் வந்து விசாரித்து, எவர்மீதும் குற்றஞ்சாட்டாது திரும்பிச் சென்றனர். தமக்கு இப்பெண்களால் தாமதம் ஏற்படவில்லை என்று பின்னால் வந்த குழுவைச் சேர்ந்த ஒருவரே பத்திரிகைக்குத் தெரிவித்தார். நிருவாகம் மன்னிப்புக் கேட்டது. பின்னர் மைதான விதிகளை எடுத்துக்காட்டித் தன்னை நியாயப்படுத்தவும் முற்பட்டது. அதே ஆண்டில் அம்மாநிலத்து மனித உறவுகள் ஆணைக்குழு இது பற்றிப் பகிரங்க விசாரணை நடத்தியது. கோல்ப் ஆட்டத்தின் வேகம் பொலிசார் தலையிட வேண்டிய விடயமாயிற்று என்றால், அங்கே அளக்கப்பட்டது வேகந்தானா என்ற ஐயம் எழுவது இயல்பே.

வேகம் என்ற சொல் இவ்வாறு பயன்படுவது தற்செயலன்று. 2016 இல் ஸ்கொத்லாந்தின் முயர்பீல்ட் மைதானத்துக்குரிய கழகம், பெண்களை அங்கத்தவராகச் சேர்ப்பது பற்றி வாக்கெடுப்பு நடத்தியது. எதிர்த்த அங்கத்தவர் தமக்குள் பரப்பிய கடிதமொன்றிலே கூறப்பட்ட கவலைகளுள், விரைவான ஆட்டம் என்ற தம் மரபு கெட்டுவிடும் என்பதும் ஒன்று. மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிட்டாமையால் முன்மொழிவு தோற்றது. பிரித்தானியப் பகிரங்கப் போட்டியை நடத்தும் வாய்ப்புப் பறிபோனதன் பின்னரே, 2017 இலே, கழகம் தன் மனத்தை மாற்றிக்கொண்டது. பெண்கள் மெதுவாக ஆடுவர், கறுப்பினத்தவர் மெதுவாக ஆடுவர், புதியவர் மெதுவாக ஆடுவர் என்பன ஒரே எண்ணத்தின் பல வடிவங்கள். இனத்தின் பெயராலும் பாலின் பெயராலும் வெளிப்படையாக விலக்க முடியாத காலத்தில், கடிகாரம் வாயிற்காவலனின் வேலையை ஏற்றுக்கொண்டது.

மெதுவாக ஆடுவோர் உண்மையில் இல்லையா என்று கேட்பவர் உளர். உளர், மறுப்பதற்கில்லை. ஒவ்வோர் அடிக்கு முன்னும் நெடுநேரம் நின்று சிந்திப்பவரும் உளர். காணாமற் போன பந்தைத் தேடிப் பற்றைக்குள் மறைந்து போவோரும் உளர். 2019 இல் திருத்தப்பட்ட விதிகள், பந்தைத் தேடும் நேரத்தை 5 நிமிடத்திலிருந்து 3 நிமிடமாகக் குறைத்தன; ஓர் அடியை 40 செக்கனுக்குள் அடிப்பது விரும்பத்தக்கது என்றும் கூறின. இவை நல்ல விதிகளே. ஆனால் இவ்விதிகள் அனைத்தும் ஆடுவோர்மீது சுமத்தப்பட்ட கடமைகள். விதிகளை வகுக்கும் அமைப்புகளே புறப்பாட்டு இடைவெளியும் மைதான ஒழுங்கமைப்பும் ஆட்டத்தின் வேகத்தைத் தீர்மானிக்கும் காரணிகள் எனத் தம் கைநூல்களிற் கூறியுள்ளன. அவ்வறிவுரையைப் பின்பற்றாத நிருவாகியை மைதானத்தைவிட்டு வெளியேற்றப் பொலிசாரை அழைத்தவர் எவருமிலர்.

நேரத்தில் நிகழும் இவ்வநீதி ஏனையவற்றிலும் நிகழ்கின்றது. புற்றரையின் வேர்களுக்குக் காற்றுப் புகும்பொருட்டு ஆண்டில் ஓரிரு தடவை அதிலே சிறு துளைகள் இட்டு மணல் நிரப்புவர். புல்லின் நலத்துக்கு இது இன்றியமையாதது, எவரும் குறைகூறார். எனினும் அத்தரை ஆறிச் சமதளமாகும்வரை பந்து நேராக உருளாது. அக்காலத்திற் பதிவு செய்வோருக்கு முன்னரே அறிவித்துக் கட்டணத்தைக் குறைப்பதே நேர்மை. பல இடங்களிலோ வாடிக்கையாளர் முழுக் கட்டணத்தையும் செலுத்தி முதலாவது குழியை அடைந்த பின்னரே துளைகளைக் காண்கின்றார். மழையால் ஆட்டம் தடைப்பட்டால் பணத்துக்குப் பதில் இன்னொரு நாளுக்கான சீட்டே கையிற் கொடுக்கப்படும். வெளியூரிலிருந்து வந்தவருக்கு அச்சீட்டால் யாது பயன்? காய்கறி விற்பவர் அழுகியதைக் கொடுத்துவிட்டு, அடுத்த கிழமை வந்து நல்லதைப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்வாரானால் சந்தையில் அவரை எவரும் விட்டுவையார்.

பொது நிருவாகத்தின்கீழ் உள்ள மைதானங்களும் இக்குணத்தினின்று நீங்கியவையல்ல. லொஸ் ஏஞ்சல்ஸ் மாநகரத்து மைதானங்களில் இடைத்தரகர் சிலர் காலை நேரங்களைப் பெருவாரியாகப் பதிவு செய்து இலாபத்துக்கு மறுவிற்பனை செய்வதாக நெடுநாள் முறைப்பாடு இருந்தது. சாதாரண ஆட்டக்காரர் எத்துணை விரைவாக முயன்றும் நேரம் கிடைக்கவில்லை. 2024 இல் இது பகிரங்கமாக வெடித்தபோது மாநகர நிருவாகம் எடுத்த நடவடிக்கைகளுள் ஒன்று, பதிவு செய்யும் ஒவ்வொருவரிடமும் திருப்பித் தரப்படாத 10 டொலர் முற்பணத்தை அறவிடுவதாகும். இம்முற்பணம் கட்டணத்திற் கழிக்கப்படும் என்பது உண்மையே. ஆயினும் தரகர் செய்த குற்றத்துக்கு முதலிற் பிணை கொடுத்தவர் ஏமாற்றப்பட்டவர்தாம். நோய் கண்டவனை விட்டு நோயாளியைப் பார்க்க வந்தவனுக்கு மருந்து கொடுப்பது போன்ற வைத்தியம் இது.

இத்தனைக்கும் நடுவே நின்று வாடிக்கையாளரின் சினத்தைத் தாங்குபவர் ஊழியரே. கருமபீடத்தில் இருப்பவர் அட்டவணையை அமைக்கவில்லை. கண்காணிப்பாளர் நேரங்களை விற்கவில்லை. அமெரிக்க மைதானங்களிற் கண்காணிப்பாளராக வலம் வருவோரிற் பலர் ஓய்வுபெற்ற முதியவர். ஊதியத்துக்குப் பதிலாக இலவசமாக ஆடும் சலுகை பெற்றே வேலை செய்கின்றனர். கெடிகளோ நிலையான சம்பளமின்றி ஆடுவோரின் மனநிறைவை நம்பி வாழ்வோர். ஜோர்ஜியா மாநிலத்து ஒகஸ்ரா கழகத்திலே நடக்கும் புகழ்பெற்ற போட்டியில், 1982 வரை ஆட்டக்காரர் அக்கழகத்துக் கறுப்பினக் கெடிகளையே அமர்த்த வேண்டும் என்பது விதி. அப்போட்டியிற் கறுப்பின ஆட்டக்காரர் ஒருவர் முதன்முதலாக ஆடியது 1975 இல். கறுப்பினத்தவர் ஒருவர் அங்கே அங்கத்தவரானது 1990 இல். பெண்கள் அங்கத்தவரானது 2012 இல். பணி செய்வோரை மனிதராக மதியாத இடம் பணியைப் பெறுவோரையும் நெடுநாள் மதித்திருக்க இயலாது. அடிமட்ட ஊழியருக்குப் புன்னகை பயிற்றுவித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்போர், முதலாளி செலுத்த வேண்டிய கடனைத் தொழிலாளியின் முகத்திலிருந்து அறவிட முயல்கின்றனர்.

இறுதியாக ஒரு வினா எஞ்சி நிற்கின்றது. இலங்கையின் பல்கலைக்கழக மாணவருக்கும் ஆசிரியருக்கும் இதனால் ஆவதென்ன? கோல்ப் தடியைத் தொட்டறியாதவரே அவருட் பெரும்பாலோர். ஆனால் கோல்ப் இந்நாட்டிலே காலனித்துவத்தின் எச்சமாக மாத்திரம் இன்று நிற்கவில்லை. 1999 இலே திகணையில் விக்ரோறியா நீர்த்தேக்கத்தின் கரையில் ஒரு மைதானம் திறக்கப்பட்டது. தென்கரையில் அம்பாந்தோட்டையிலும் உல்லாச விடுதியோடு ஒரு மைதானம் உண்டு. உல்லாசப் பயணத்துறை வளருமிடத்து மேலும் பல தோன்றலாம். அவற்றிலே தொழில் புரியப் போவோர் இந்நாட்டின் இளைஞரே. கடையின் வரும்படியும் கழகத்தின் செருக்கும் கலந்த அந்நிருவாக முறை இங்கும் வேரூன்றினால், வெளிநாட்டார் முன்னே கூனிக் குறுகி நிற்கவும், உள்ளூரார் வாயிலுக்கு வந்தால் நிமிர்ந்து விரட்டவும் அவ்விளைஞரே பழக்கப்படுவர். முன்னர் துரைமாரின் காலத்தில் நடந்ததும் இதுவே.

ஆதலால் வேண்டப்படுவது மரியாதைப் பாடமன்று, கணக்குக் காட்டும் கடப்பாடு. எவ்விடைவெளியில் ஆட்களை அனுப்புகின்றனர் என்பதைக் கட்டணப் பட்டியலின் அருகே எழுதி வைக்கட்டும். புற்றரை துளையிடப்படும் நாட்களைப் பதிவு செய்யும்போதே அறிவிக்கட்டும். நிருவாகத்தின் அட்டவணையால் நேர்ந்த தாமதத்துக்கும் மழையால் நின்ற ஆட்டத்துக்கும் சீட்டைக் கொடாது பணத்தைத் திருப்பித் தரட்டும். எவரையேனும் மெதுவாக ஆடுபவர் என்று கடிவதாயின், அவருக்கு முன்னே சென்ற குழு எத்துணைத் தொலைவில் உள்ளது என்பதை முதலில் அளந்து காட்டட்டும். கண்காணிப்பாளருக்கும் கெடிக்கும் நிலையான கூலியை வழங்கட்டும். இவற்றைச் செய்ய மனமில்லாதவர் அங்கத்தவரின் சந்தாவை மாத்திரம் நம்பி, வாயிலை மூடிக்கொண்டு கழகமாகவே வாழட்டும். அப்போது பொதுமக்களின் காசு அவருக்கு வேண்டாம். வாயிலைத் திறந்து கட்டணப் பலகையைத் தொங்கவிட்டவர், கிறீன்ஸ்பரோவின் கருமபீடத்தில் அறுவர் வைத்த 75 சதத்துக்கு இன்றும் கணக்குக் காட்ட வேண்டியவராவர்.